காப்புக் கையும் காம்ப்ரிஹென்சிவ் வைவாவும்

"ஏத்தா பாண்டீஸ்வரி, ஒனக்குப் போனு! ஒங் கூடப் படிக்கிற பிள்ளையாம். வெரசா வா!"

கடைக்கார மாமா தெருமுனையில் நின்று போட்ட சத்தத்தில், கையிலிருந்த கம்மங்கூழ்ச் செம்பை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். காலில் செருப்பு கிடையாது. சித்திரை வெயிலில் ரோடு பாதத்தைப் பொரித்து எடுத்தது. ஒரு ரூபாய்க் காசு போட்டுப் பேசும் அந்தச் சிவப்புப் பெட்டிதான் அப்போது எங்கள் தெரு மொத்தத்துக்கும் தொலைபேசி. கடைக்குள் சூட வாசமும் கருவாட்டு வாசமும் கலந்து அடிக்கும்.

மறுமுனையில் மும்தாஜ். உத்தமபாளையத்துக்காரி. எம்.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸில் என் பக்கத்து பெஞ்சு.

"ஏ, வைவா தேதிய மாத்திப்புட்டாகடி. ஒங்க ஊர்த் திருவிழா முடிஞ்சு வியாழக்கெழமன்னு சொன்னாகல்ல, அது இல்ல. வர்ற செவ்வா. காலைல பத்து மணி. மதுரைல இருந்து வர்ற எக்ஸாமினருக்கு அன்னைக்குத்தான் தோதுப்படுமாம்."

"செவ்வாயா?"

"செவ்வாதான். ஏன், என்ன?"

போனைப் பிடித்திருந்த என் வலது மணிக்கட்டைப் பார்த்தேன். மஞ்சள் கிழங்கும் வேப்பிலையும் வைத்துக் கட்டிய காப்பு. கட்டி நாலு நாள்கூட ஆகவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இரண்டு வாரம் முன்னால், நான் எம்.எஸ்ஸி. சேர்ந்த கதையை இங்கே எழுதியதும், 'சேர்ந்தது சரி, முடித்தீர்களா இல்லையா?' என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். முடித்தேன் ஐயா! சும்மா முடிக்கவில்லை, ஊரையே சாட்சி வைத்து முடித்தேன். அந்தக் கதைதான் இது.

பாலத்துக்கு இந்தப் பக்கம்

எங்கள் ஊர் சின்னமனூர்ப் பக்கம். ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு வாய்க்கால் பாலம் உண்டு. சித்திரையில் அந்த வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. ஆனால் காளியம்மனுக்கு அதுதான் எல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டு, அடுத்த செவ்வாய் சாயங்காலம் அக்னிச்சட்டி. சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டவர்கள் கையில் காப்புக் கட்டுவார்கள். கட்டியாகிவிட்டால் சட்டியை இறக்கும்வரை செருப்பில்லை, படுக்கப் பாயில்லை, பகலில் கூழ்தான். எல்லாவற்றுக்கும் மேலே, பாலத்தைத் தாண்டக் கூடாது. கல்யாணமா, கோர்ட்டா, சொத்துக் கிரயமா, எதுவாக இருந்தாலும் பாலத்துக்கு இந்தப் பக்கம்தான்.

கல்லூரி பாலத்துக்கு அந்தப் பக்கம், தேனி போகிற வழியில், பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், நான் காப்புக் கட்டியதே அந்த வைவாவுக்காகத்தான். அம்மா நேர்ந்துகொண்ட நேர்த்தி. "ஆத்தா காளி, எம்மக வாயைத் தெறந்து நாலு பேருக்கு முன்னால பதில் சொல்லிப் பாஸாகிப்புடணும். ஒனக்கு அவ கையாலயே சட்டி எடுக்க வைக்கிறேன்" என்று கோயில் வாசலில் நின்று சத்தமாகவே வேண்டியிருந்தாள். அம்மாவுக்கு மெதுவாக வேண்டத் தெரியாது. பக்கத்துத் தெருவில் கேட்டால்தான் சாமிக்கும் கேட்கும் என்பது அவள் கணக்கு.

கடையிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்துப் பார்த்தேன். வைவாவுக்குப் போக வேண்டுமானால் காப்பை அவிழ்க்க வேண்டும். காப்பை அவிழ்க்க வேண்டுமானால் சட்டி எடுக்க வேண்டும். சட்டி எடுப்பதோ வைவா பாஸாவதற்காக. ஒன்று இன்னொன்றைப் பார்த்துக் காத்துக்கொண்டு நிற்கிறது. எதுவும் நகராது.

இதற்கு எங்கள் ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் ஒரு பெயர் உண்டு. டெட்லாக்! பாடத்தில் படித்தது போதாதென்று அம்மா வீட்டிலேயே ஒன்றைச் செய்து கையில் கட்டிவிட்டிருந்தாள்.

எழுதாத பரீச்சை

இந்தக் காம்ப்ரிஹென்சிவ் வைவா என்பது என்ன என்று இப்போது கேட்டால் கல்லூரிப் பிள்ளைகள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு அதைப் புரியவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"எல்லாப் பரீச்சையும் எழுதிப் பாஸாயிட்ட. அந்தப் பிராஜெக்ட்டும் குடுத்துட்ட. பெறகு எதுக்கு மறுபடி ஒரு பரீச்சை? ஒங்க வாத்தியாருமாருக்கு ஒங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்றார் அப்பா.

"இது எழுதுறது இல்லப்பா. வாயால சொல்றது. ரெண்டு வருசத்துல படிச்ச எல்லாப் பாடத்துல இருந்தும் கேப்பாக. எதுல இருந்து கேப்பாகன்னு தெரியாது. புத்தகம் கிடையாது. இதுல பாஸாகலைன்னா மத்தது எல்லாம் பாஸாகியும் டிகிரி கிடையாது. அடுத்த வருசப் பிள்ளைக கூடத்தான் திரும்ப வரணும்."

அப்பாவுக்குப் பிடிபடவில்லை. அம்மாதான் எங்கள் திராட்சைப் பந்தலுக்குக் கீழே குனிந்து நடந்துகொண்டே சொன்னாள்: "யோவ், நம்ம தோட்டத்துக்கு வியாவாரி வரல? பந்தல் முழுக்க நடப்பான். எந்தக் குலையில கை வைப்பான்னு நமக்குத் தெரியுமா? ஏதோ ஒண்ணுல ஒரு பழத்தப் பிச்சு வாயில போடுவான். அது புளிச்சுச்சுன்னா மொத்தத் தோட்டமும் புளிப்பும்பான். அதாஞ் சோலி."

சும்மா சொல்லக் கூடாது, இத்தனை வருஷம் நான் வாத்தியார் வேலை பார்த்தும் அந்தப் பரீட்சையை இதைவிடத் தெளிவாக யாருக்கும் சொன்னதில்லை.

எனக்கு அந்த வைவா வெறும் பாஸ் மார்க் இல்லை. பெரியகுளம் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் ஜூனில் லெக்சரராகச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். படிப்பை முடித்துவிட்டு வா என்பது ஒன்றுதான் நிபந்தனை. ஒரு வருஷம் தள்ளிப்போனால் அந்த வேலை இன்னொருத்தருக்கு. எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய ஆள் அதுவரை ஒருவரும் இல்லை. வெயில் ஏறினால் ஒரு பயம், மேகம் கறுத்தால் ஒரு பயம், இதுதான் திராட்சைக்காரர் பிழைப்பு.

அதோடு எனக்கு ஒரு பெரிய குறை. எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவேன். எழுந்து நின்று இங்கிலீஷில் சொல் என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களுக்கு இந்த அவஸ்தையை விளக்க வேண்டியதில்லை.

அம்மாவின் விரல்

அந்தக் குறையைப் போக்க அம்மா தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள்.

அம்மா முத்துப்பேச்சி ஐந்தாவது வரை படித்தவள். இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. மத்தியானம் தோட்டத்தில் கஞ்சி குடித்து முடித்ததும் கையைச் சேலையில் துடைத்துவிட்டு என் புத்தகத்தை வாங்குவாள். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு பக்கத்தைப் பிரித்து விரலை வைப்பாள்.

"இது என்ன? சொல்லு."

விரல் எங்கே விழுகிறதோ அதை நான் தமிழில் சொல்ல வேண்டும். அவளுக்குப் புரிகிற மாதிரி. புரியவில்லை என்றால் "ஏன்?" என்பாள். அதற்கும் சொன்னால் அதற்கும் ஒரு "ஏன்?" வரும். அடேயப்பா, அந்த 'ஏன்' மாதிரி ஒரு கொடுமை உலகத்தில் கிடையாது.

ஸ்டாக் என்றால் அடுக்கி வைத்த திராட்சைப் பெட்டி, கடைசியில் வைத்ததைத்தான் முதலில் எடுக்க முடியும். அதை உடனே பிடித்துக்கொண்டாள். பாயின்ட்டர் என்றால் வீடு இல்லை, வீட்டு விலாசம் என்றேன். "விலாசம் தப்பாயிருந்தா?" என்றாள். "வேற வீட்டுக்குள்ள போயி நிக்கும்மா." "அப்ப அடி வாங்கும்" என்று சொல்லிச் சிரித்தாள்.

டெட்லாக்குக்கு, ஒற்றை வண்டிப்பாதையில் எதிரெதிரே வந்த இரண்டு டிராக்டரைச் சொன்னேன். இவன் நகர்ந்தால்தான் அவன் போக முடியும், அவன் நகர்ந்தால்தான் இவன் போக முடியும், இரண்டு பேரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

"ஒருத்தன் பின்னால எடுத்தா என்ன கேடு?"

"எடுக்க மாட்டேங்கிறான்லம்மா. எடுக்க வைக்க ஆளும் இல்ல. அதான் அங்கன பிரச்சினையே."

"அப்ப நாலு பேரு சேந்து ஒரு வண்டியப் பின்னால தள்ளி விட வேண்டியதுதான்!" என்று முடித்துவிட்டாள். பாடத்திலும் அதுதான் இருந்தது.

"இது பரீச்சை, தீட்டு இல்ல"

சரி, போன் வந்த சனிக்கிழமைக்கு வருவோம்.

முதலில் எங்கள் துறைத் தலைவி மேடத்துக்குப் பேசினேன். நல்லவர், ஆனால் விதி என்றால் விதி. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பாண்டீஸ்வரி, உன் நம்பிக்கையை நான் குறை சொல்லலை. ஆனா அந்தத் தாள்ல பிரசென்ட், ஆப்சென்ட் ரெண்டுதான் இருக்கு. காரணம் எழுத இடமே இல்லம்மா" என்றார்.

வீட்டில் வந்து சொன்னதும் அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "நாந்தான் முந்திரிக்கொட்ட மாதிரி முந்திக்கிட்டு ஒங்கையில கட்டுனேன். நாந்தான் கெடுத்தேன்."

காப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அம்மா முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல மனசு வரவில்லை. எனக்கு நம்பிக்கை பாதிதான். அவளுக்கு முழுசு. என் பரீட்சைக்காக அவளை ஆயுசுக்கும் பயந்து சாகவிட முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா எழுந்தாள், கொண்டையை இறுக்கி முடிந்தாள், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். பூசாரி கருப்பையா அண்ணன் பந்தலில் வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இவ காப்ப அவுத்து எங்கையில கட்டுங்க. சட்டிய நான் எடுக்குறேன்."

"என்ன தங்கச்சி வெளையாடுறியா? கட்டுனது கட்டுனதுதான்."

"ஏன், போன வருசம் மேலத்தெருப் பிள்ளைக்கு நடுவுல ஆகாமப் போச்சுன்னு அவ அக்கா கையில மாத்திக் கட்டல? அதே வீட்டு ஆளு எடுக்கலாம்னு நீங்கதானண்ணே சொன்னீக?"

"அது தீட்டு, தாயி. நம்ம கையிலயா இருக்கு? இது பரீச்சை, தீட்டு இல்ல."

"பரீச்சையும் நம்ம கையில இல்லண்ணே! தேதி வைக்கிறது மதுரைக்காரக. அவுக இவளக் கேட்டா மாத்துனாக?"

பூசாரி வேப்பிலையைக் கீழே போட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். பிறகு சாமியைப் பார்த்தார். இரண்டு பேரில் அம்மாவைச் சமாளிப்பதுதான் கஷ்டம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"சரி, மாத்தலாம். ஆனா நேர்த்தி ஒரு நிமிசங்கூட ஆளில்லாம நிக்கக் கூடாது. மொதல்ல ஒங்கையில கட்டணும். அது கட்டுன பெறகுதான் பிள்ள கையில அவுக்கணும்."

அப்படியே செய்தார். கொஞ்ச நேரம் எங்கள் இரண்டு பேர் கையிலும் காப்பு இருந்தது. அம்மா தன் கையைத் தூக்கிக் காளிக்குக் காட்டி, "பாத்துக்க" என்றாள்.

எனக்குத்தான் பயம். அம்மாவின் இடது மணிக்கட்டு ஒரு தடவை பந்தல் ஏணியிலிருந்து விழுந்து உடைந்து சரியாகக் கூடாதது. நிறைகுடம் தூக்க மாட்டாள். அக்னிச்சட்டியை இரண்டு கையிலும் ஏந்தி ஊரைச் சுற்றி வருவது என்றால்?

"ஒங்கைக்கு ஆகாதேம்மா" என்றேன் வழியில்.

"எங்கை எஞ் சோலி. நீ ஒன் வாயப் பாத்துக்க."

மஞ்சள் கறை

செவ்வாய்க்கிழமை காலையில் பாலத்தைத் தாண்டினேன். பஸ் ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தால் பாலத்துக்கு ஊர்ப் பக்கம், எல்லைக்குள், அம்மா வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள். கை காட்டவில்லை. பஸ் திரும்பும்வரை நின்றாள்.

எக்ஸாமினர் நரைத்த தலைக்காரர். பக்கத்து நாற்காலியில் எங்கள் மேடமும் இருந்தார். மும்தாஜ் எனக்கு முன்னால் போய் முகம் சிவந்து வெளியே வந்திருந்தாள். "எங்க இருந்தெல்லாமோ கேக்குறாருடி" என்று மட்டும் சொன்னாள்.

முதல் கேள்வி இங்கிலீஷில் வந்தது. நார்மலைசேஷன் ஏன் தேவை? எனக்குத் தெரியும். தலைக்குள் பதில் இருக்கிறது, வாய்க்கு வரவில்லை. இரண்டு வாக்கியம் சொல்லி நின்றேன். அடுத்தது டெட்லாக். அதற்கு நாலு நிபந்தனை. முதல் இரண்டைச் சொன்னேன். மூன்றாவதில் அடைத்துக்கொண்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அம்மாவின் காப்புக் கை கண்ணுக்குள் வந்தது. அழுகை முட்டியது.

வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். மணிக்கட்டில் மஞ்சள் கறை வளையம் போலப் பதிந்திருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"காப்பா? எனக்குச் சொந்த ஊர் ஆண்டிபட்டிதான். கட்டினவங்க எல்லை தாண்ட மாட்டாங்களே. காப்பு எங்கே?"

"எங்க அம்மா கையில சார்."

சொன்னதும் வாய் திறந்துகொண்டது. "சார், நான் தமிழ்ல சொல்லலாமா?" என்று கேட்டேன். அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் தலையாட்டினார்.

அப்புறம் யார் என்னைப் பிடிப்பது? "ஒரு நேர்த்திக்கு ஒரு ஆளுதான் சார், பங்கு போட முடியாது. அது மொதல் நிபந்தனை. காப்பைக் கையில வச்சுக்கிட்டே வைவாவுக்கும் காத்திருந்தேன், அது ரெண்டாவது. ஒருத்தர்கிட்ட இருக்குறத பாதியில பிடுங்க முடியாது, அது மூணாவது. வைவாவுக்குக் காப்பு அவுக்கணும், காப்பு அவுக்கச் சட்டி எடுக்கணும், சட்டி எடுக்குறது வைவாவுக்காக. இப்படி வட்டமாக் காத்து நிக்கிறது நாலாவது. நாலும் சேந்தாத்தான் டெட்லாக். ஒண்ண உடைச்சாப் போதும். எங்க அம்மா காப்பப் பாதியில எங்கையில இருந்து அவுக கைக்கு மாத்தி, மூணாவத உடைச்சாக. அதான் நான் இங்கன உக்காந்திருக்கேன்."

மேடம் சிரித்துவிட்டார். எக்ஸாமினர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி, முதல் கேள்விக்கு வாங்க."

ஒரே விலாசத்தை நாலு இடத்தில் எழுதி வைத்தால், வீடு மாறும்போது நாலு இடத்திலும் திருத்த வேண்டும், ஒன்றை மறந்தாலும் போச்சு என்று நார்மலைசேஷனைச் சொன்னேன். நெட்வொர்க் கேட்டார், டேட்டா ஸ்ட்ரக்சர் கேட்டார், கம்பைலர் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பின்னால் "ஏன்?" என்று ஒரு கேள்வி போட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த 'ஏன்' எனக்குப் பழகிய 'ஏன்'.

"யார்கிட்ட இப்படிச் சொல்லிப் பழகினீங்க?"

"எங்க அம்மாகிட்ட சார். அஞ்சாப்புப் படிச்சிருக்காக."

"போதும்மா. ரிசல்ட் நோட்டீஸ் போர்டில் வரும்" என்றார். அவ்வளவுதான். முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

சட்டியோடு

சாயங்காலம் பஸ் பாலத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. ஊருக்குள் உறுமியும் குலவையும் புகையுமாக இருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மஞ்சள் சேலையில், ஈரத்தலையோடு அம்மா வந்துகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் சட்டி, அதற்கு மேலே தீ. அப்பா பக்கத்திலேயே நடந்தார். இடது கைக்குக் கீழே தன் கையைத் தொடாமல் வைத்துக்கொண்டே வந்தார். ஒரு தடவைகூட அதற்கு வேலை வரவில்லை. நான் அப்படியே நின்று பார்த்தேன். நிறைகுடம் தூக்காத கை அது.

ஓடிப்போய்ப் பக்கத்தில் சேர்ந்துகொண்டேன். அம்மா தலையைத் திருப்பவில்லை, தீயையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"என்ன கேட்டாக?"

"டெட்லாக் கேட்டாக. மத்ததும் கேட்டாக."

"ஏன்னு கேட்டாகளா?"

"கேட்டாக. ஒன்ன மாதிரியே கேட்டாக."

"சொன்னியா?"

"சொன்னேம்மா. ரிசல்ட் இன்னும் போடல. போர்டுலதான்..."

"அவுக என்னத்தப் போடுறது? எனக்கே புரிய வச்சவ, படிச்சவுகளுக்கா புரிய வைக்க மாட்ட?" என்றவள் சட்டியை நெஞ்சுக்கு மேலே தூக்கினாள். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். "எம்மக பாஸாயிட்டா! எம்.எஸ்ஸி. பாஸாயிட்டா!"

பொம்பளைகள் எல்லாம் குலவை போட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. போர்டில் வராத ரிசல்ட்டுக்கு ஊரே கொண்டாடியது!

அந்த வார முடிவில் மறுபடியும் தெருமுனையிலிருந்து சத்தம் வந்தது. "ஏத்தா பாண்டீஸ்வரி, காலேசுப் பிள்ள போனு! ஏதோ பாஸாம்ல!"

நான் எழுந்திருப்பதற்குள், பந்தலுக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்த அம்மா, தலையை நிமிர்த்தாமலேயே பதில் கொடுத்தாள்.

"அது செவ்வாக்கெழமையே பாஸு! தெரிஞ்ச சேதிய எதுக்குத் திரும்பச் சொல்றா, வைக்கச் சொல்லுங்க போன!"